அப்பாவோட ரிப்போர்ட்ல மைடி88 பாசிட்டிவ்: அது பரம்பரையா எங்களுக்கும் வருமா?

கேள்வி இது: அப்பாவுக்கு 68 வயசு, ரொம்ப நாளா சோர்வு, ரத்தத்துல ஐஜிஎம்ங்கிற ஆன்டிபாடி அதிகம், போன் மேரோ டெஸ்ட் எடுத்ததுல மைடி88 எல்265பி மியூட்டேஷன் பாசிட்டிவ்னு வந்திருக்கு, டாக்டர் வால்டன்ஸ்ட்ராம்னு ஒரு நோய் பேரு சொல்லியிருக்கார். வீட்டுக்கு வந்து நெட்ல தேடினா, மைடி88 குறைபாடுங்கிறது குழந்தைகளுக்கு வர்ற பரம்பரை நோய், சின்ன வயசுலயே உயிருக்கு ஆபத்துன்னு போட்டிருக்கு. அப்போ எனக்கும் என் பசங்களுக்கும் இது இருக்குமா, நாங்களும் டெஸ்ட் எடுக்கணுமா?

முதல்ல பதிலைச் சொல்லிடறேன், அப்புறம் காரணத்துக்கு வர்றேன். உங்க அப்பாவுக்கு இருக்கிறதும் (வால்டன்ஸ்ட்ராம்ங்கிறது ஒரு வகை ரத்தப் புற்றுநோய்) நீங்க நெட்ல படிச்சதும் ரெண்டு வேற நோய். வேறங்கறது கூட சரியில்ல, நேரெதிர் நோய். ஒண்ணுல மைடி88ங்கிற ஜீன் வேலையே செய்யல, இன்னொண்ணுல அதை நிறுத்தவே முடியல. ஜீன் பேரு மட்டும்தான் பொது. அப்பாவோட மியூட்டேஷன் அவர் பிறக்கும்போது இருந்தது இல்ல, வயசான பிறகு ஒரே ஒரு பி செல்லுல (ஆன்டிபாடி தயாரிக்கிற வெள்ளையணு) வந்தது, அந்த செல் பெருகினதால ரிப்போர்ட்ல தெரியுது. விந்தணுல அது கிடையாது, அதனால உங்களுக்கு அது வந்திருக்க வழியே இல்ல. இந்த மியூட்டேஷனுக்காக நீங்களோ பசங்களோ டெஸ்ட் எடுக்க வேண்டியதில்ல.

சரி, இந்த மைடி88 என்னதான் பண்ணுது? உடம்புக்குள்ள கிருமி வந்தா அதைக் கண்டுபிடிக்க செல்லோட மேல்பக்கமும் உள்ளேயும் ரிசெப்டர்கள் இருக்கு, டோல் ரிசெப்டர்னு சொல்வாங்க, மனுஷனுக்கு 10 வகை. பாக்டீரியாவோட மேல்தோல்ல இருக்கிற கொழுப்புச்சத்தை ஒண்ணு பிடிக்கும், அதோட வால்ல இருக்கிற புரதத்தை ஒண்ணு பிடிக்கும், டிஎன்ஏவை ஒண்ணு பிடிக்கும். பிடிச்சா மட்டும் போதாதே, செய்தி உள்ள நியூக்ளியஸ் வரைக்கும் போய் எதிர்ப்பு ஜீன்களை ஆன் பண்ணணும். இந்த ரிசெப்டரால நேரா அதைச் செய்ய முடியாது, அந்த வேலையை ஆரம்பிச்சு வைக்கிற என்சைமுக்கோ ரிசெப்டரை அடையாளமே தெரியாது. நடுவுல நின்னு ரெண்டு பேரையும் சேர்த்து வைக்கிறதுதான் அடாப்டர். தரகர் மாதிரின்னு வச்சுக்கோங்க, கையில சொந்த சரக்கு ஒண்ணும் கிடையாது, ஆனா அவர் இல்லாம வியாபாரம் நடக்காது. மைடி88க்கு சொந்தமா எந்த என்சைம் சக்தியும் இல்ல, 296 அமினோ அமிலம் நீளமுள்ள சின்னப் புரதம், ஒரு முனையால ரிசெப்டரைப் பிடிக்கும், இன்னொரு முனையால ஐராக்4ங்கிற என்சைமைப் பிடிக்கும், அவ்வளவுதான் அதோட சாமர்த்தியம்.

ஆனா அந்த அவ்வளவுதான்ல நிறைய அடங்கியிருக்கு. 10 டோல் ரிசெப்டர்ல மூணாம் நம்பரைத் தவிர மத்த எல்லாமே இந்த ஒரு தரகரைத்தான் நம்பியிருக்கு (மூணாம் நம்பருக்கு ட்ரிஃப்னு வேற ஒருத்தர், நாலாம் நம்பர் ரெண்டு பேரையும் வச்சுக்கும்). அது போக இன்டர்லூக்கின்னு செல்கள் ஒண்ணுக்கொண்ணு செய்தி அனுப்புற புரதங்கள் இருக்கு, அதுல 1, 18, 33 இதுங்களோட ரிசெப்டரும் மைடி88 வழியாதான் பேசும். இன்டர்லூக்கின் 1தான் நமக்கு காய்ச்சல் வரவைக்கிற முக்கியமான ஆள், இதை ஞாபகம் வச்சுக்கோங்க, குழந்தைகள் கதைக்கு வரும்போது தேவைப்படும்.

பேரைப் பத்தி ஒரு வார்த்தை. 1990ல எலியோட ரத்தப் புற்றுநோய் செல்லை இன்டர்லூக்கின் 6 போட்டு முதிர வைக்கும்போது எந்த ஜீன் எல்லாம் உடனே எழும்புதுன்னு பார்த்தாங்க, அதுல கிடைச்சதுல ஒண்ணு இது. மைடி116, மைடி118னு கூட அந்தக் கூட்டத்துல உண்டு. மையலாய்ட் செல்லுல (வெள்ளையணுக்கள்ல ஒரு பிரிவு) கிடைச்சதால மையலாய்டுங்கிற பேரு ஒட்டிக்கிச்சு, ஆனா இன்னைக்கு இந்த ஜீன் பிரபலமா இருக்கிறது லிம்ஃபாய்ட் பக்கத்துப் புற்றுநோய்க்கு, அதாவது பி செல் இருக்கிற இன்னொரு பிரிவுல வர்றதுக்கு. வச்ச பேரு ஒண்ணு, வாழ்ந்த வாழ்க்கை ஒண்ணு. இதோட உண்மையான வேலை என்னன்னு தெளிவானது 1998, 99ல, ஜப்பான்ல ஒசாகாவுல ஷிசுவோ அகிரா குழு இந்த ஜீன் இல்லாத எலியை உருவாக்கிக் காட்டினப்போதான். சாதாரண எலி செத்துப்போற அளவுக்கு பாக்டீரியா நச்சு கொடுத்தாலும் அந்த எலிக்கு ஒண்ணும் ஆகல. டோல் ரிசெப்டர் கண்டுபிடிப்புக்கு ஜூல்ஸ் ஹாஃப்மனுக்கும் புரூஸ் பாய்ட்லருக்கும் 2011ல நோபல் கிடைச்சது.

இப்போ சுவாரசியமான இடம். தரகர்னு சொன்னேன்ல, ஆனா ஒரே ஒரு மைடி88 போய் ஒட்டினா எதுவும் நடக்காது. 2010ல இதோட கிரிஸ்டல் அமைப்பை எடுத்துப் பார்த்தப்போ, ஆறு மைடி88, அதுக்கு மேல நாலு ஐராக்4, அதுக்கு மேல நாலு ஐராக்2, இப்படி சுருள் படிக்கட்டு மாதிரி அடுக்கி ஒரு கோபுரம் கட்டுதுன்னு தெரிஞ்சது, அதுக்கு மிட்டோசோம்னு பேரு. கோபுரம் கட்டி முடிஞ்சா ஐராக்4 எல்லாம் ஒண்ணுக்கொண்ணு நெருக்கமா வந்து ஒண்ணை ஒண்ணு தட்டி எழுப்பிக்கும், அங்கேர்ந்து ட்ராஃப்6, டாக்1னு கை மாறி கடைசியா என்எஃப் கப்பா பிங்கிற புரதம் நியூக்ளியஸுக்குள்ள போய் அழற்சி, செல் பெருக்கம், செல் சாகாம இருக்கிறது இதுக்கான ஜீன்களை எல்லாம் ஆன் பண்ணும். ஆக இங்க சுவிட்ச்ங்கிறது கூட்டம் கூடுறதுதான். கூட்டம் கூடினா ஆன், கலைஞ்சா ஆஃப். கிருமி இருக்கிற வரைக்கும் கூட்டம், கிருமி போனதும் கலையணும். இந்த ஒரு விஷயத்தைப் பிடிச்சுக்கிட்டீங்கன்னா ரெண்டு நோயும் தானா புரிஞ்சிடும்.

முதல்ல கூட்டமே கூடாத நோய். நீங்க நெட்ல படிச்சது இது. அம்மா, அப்பா ரெண்டு பேர்கிட்டேருந்தும் பழுதான பிரதி வந்தாத்தான் குழந்தைக்கு வரும், ஒரு பிரதி நல்லா இருந்தா நோய் கிடையாது. ஐராக்4 இல்லாத குழந்தைகளை 2003லயும் மைடி88 இல்லாத குழந்தைகளை 2008லயும் முதல் தடவையா விவரிச்சாங்க, ழான் லோரான் காசனோவா குழுவோட வேலை. ரெண்டும் ஒரே படிக்கட்டோட பக்கத்துப் பக்கத்துப் படிங்கிறதால நோயைப் பார்த்துப் பிரிக்கவே முடியாது. உலகம் பூரா சேர்த்தாலும் ரொம்பக் கொஞ்சம் பேர்தான், 2010ல வந்த பெரிய தொகுப்புலயே ஐராக்4 48 பேர், மைடி88 12 பேர்.

இந்தக் குழந்தைகளுக்கு நிமோகாக்கஸ், ஸ்டஃபைலோகாக்கஸ், சூடோமோனஸ்னு குறிப்பிட்ட சில சீழ் பிடிக்க வைக்கிற பாக்டீரியா மட்டும் வந்து போட்டுத் தாக்கும், மூளைக்காய்ச்சல், ரத்தத்துல தொற்று, மூட்டுல சீழ்னு. இதுல கொடுமை என்னன்னா, குழந்தைக்கு காய்ச்சலே வராது, வந்தாலும் லேசா. மேல சொன்னேன்ல, காய்ச்சலை உண்டாக்குற இன்டர்லூக்கின் 1 பேசுறதே மைடி88 வழியாத்தான். அழற்சியைக் காட்டுற சிஆர்பி ரத்த டெஸ்ட் எடுத்தா அதுவும் ஆரம்பத்துல ஏறாது. காய்ச்சல் இல்ல, சிஆர்பி நார்மல், அப்போ பெருசா ஒண்ணும் இருக்காதுன்னு நினைக்கிற நேரத்துல உள்ள மூளைக்காய்ச்சல் ஓடிக்கிட்டிருக்கும். தொப்புள்கொடி விழ ரொம்ப நாள் எடுக்கிறதும் சில குழந்தைகள்ல ஒரு துப்பு. அந்தத் தொகுப்புல ஐராக்4 குழந்தைகள்ல மூணுல ஒண்ணுக்கு மேல இறந்து போச்சு, எல்லாமே 8 வயசுக்கு முன்னாடி, அதுலயும் பெரும்பாலும் ரெண்டு வயசுக்குள்ள.

ஆனா அந்த வயசைத் தாண்டிட்டா மெதுமெதுவா சரியாயிடுது, இதுதான் எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச பகுதி. ஜீன் அப்படியேதான் பழுதா இருக்கு, ஆனா 14 வயசுக்கு மேல பெரிய தொற்று எதுவும் அந்தத் தொகுப்புல இல்ல. ஏன்னா ஆன்டிபாடி, டி செல் ஞாபகம் எல்லாம் வளர வளர முதல் வரிசைக் காவல்காரன் இல்லாமலே சமாளிக்க உடம்பு கத்துக்குது. அதனாலதான் சின்ன வயசுல தொடர்ந்து ஆன்டிபயாடிக் கொடுத்து, நிமோகாக்கஸ் தடுப்பூசி எல்லாம் சரியா போட்டு, சிலருக்கு இம்யூனோகுளோபுலின் ஏத்தி, எப்படியாவது அந்தப் பள்ளத்தைத் தாண்ட வச்சிடணும்கிறதுல டாக்டர்கள் குறியா இருப்பாங்க. இன்னொண்ணு, மைடி88 இல்லாத எலி லேப்ல கிட்டத்தட்ட எல்லாக் கிருமிக்கும் செத்துப்போகும், மனுஷக் குழந்தையோ பெரும்பாலான வைரஸ், பூஞ்சை எல்லாத்தையும் சாதாரணமா சமாளிக்குது. எலியை வச்சு மனுஷனுக்கு ஜோசியம் சொல்றதுல எவ்வளவு ஜாக்கிரதை வேணும்கிறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அதுக்கும் ஒரு விதிவிலக்கு வந்துச்சு, கோவிட் வந்தப்போ இவங்களுக்கு கடுமையான நிமோனியா வர்ற வாய்ப்பு அதிகம்னு 2023ல காட்டினாங்க.

இப்போ உங்க அப்பா விஷயம், அதாவது கூட்டம் கலையாத நோய். எல்265பி ங்கிறது புரதத்துல ஒரு இடத்துல லூசினுக்குப் பதிலா புரோலின் வந்திருக்குன்னு அர்த்தம், டிஎன்ஏல பார்த்தா ஒரே ஒரு எழுத்து, டி இருந்த இடத்துல சி. புரோலின் கொஞ்சம் விறைப்பான ஆசாமி, அது வந்து உக்காந்த இடத்துல புரதத்தோட வளைவு நெளிவு மாறிடும், அதனால ரிசெப்டர் கூப்பிடாமலே மைடி88 எல்லாம் தானா கூடிக் கோபுரம் கட்ட ஆரம்பிச்சிடும். ரெண்டு பிரதியில ஒண்ணு மாறினாலே போதும், மாறினது மாறாததையும் கூட்டத்துக்கு இழுத்துட்டு வந்திடும். விக்கிறவனும் இல்ல, வாங்குறவனும் இல்ல, தரகர் மட்டும் உக்காந்து பத்திரத்துல கையெழுத்து போட்டுக்கிட்டே இருக்கார். அந்த பி செல்லுக்கு எந்நேரமும் ‘கிருமி வந்திருக்கு, பெருகு, சாகாதே’ன்னு உத்தரவு வந்துக்கிட்டே இருக்கும், அதுவும் விசுவாசமா பெருகி ஐஜிஎம் ஆன்டிபாடியை உற்பத்தி பண்ணிக் கொட்டும்.

இதை முதல்ல கண்டுபிடிச்சது 2011ல, பெரிய பி செல் லிம்ஃபோமாங்கிற வெள்ளையணுப் புற்றுநோய்ல ஏபிசி வகைன்னு ஒண்ணு இருக்கு, அதுல 29 சதவீதம் பேருக்கு இந்த ஒரே மாற்றம். அடுத்த வருஷம், 2012ல, ஸ்டீவன் ட்ரியான் குழு வால்டன்ஸ்ட்ராம் நோயாளிகள் 30 பேரோட முழு ஜீனோமையும் படிச்சுப் பார்த்தா, 90 சதவீதத்துக்கு மேல அதே எழுத்து, அதே இடம். புற்றுநோய்ல இப்படி ஒரு எழுத்து ஒரு நோயையே அடையாளம் காட்டுறது ரொம்ப அபூர்வம். ஸ்வீடன் டாக்டர் யான் வால்டன்ஸ்ட்ராம் இந்த நோயை விவரிச்சது 1944ல, காரணமான எழுத்து கிடைக்க 68 வருஷம் ஆச்சு, உங்க அப்பாவோட வயசு. மூளைக்குள்ளயே ஆரம்பிக்கிற லிம்ஃபோமாலயும் இது பாதிக்கு மேல இருக்கும், அதனால மூளையில ஊசி போட்டு சதை எடுக்கிறது கஷ்டமான இடத்துல முதுகுத்தண்டு நீரை எடுத்து இந்த ஒரு எழுத்தைத் தேடிப் பார்க்கிற வழக்கம் வந்திருக்கு.

அப்போ எந்நேரமும் சிக்னல் ஆன்ல இருந்தா அப்பாவுக்கு ஏன் எப்பவும் காய்ச்சல் அடிக்கலன்னு கேட்கத் தோணும், நல்ல கேள்வி. ஏன்னா மாற்றம் அந்தக் கெட்டுப்போன பி செல் வம்சத்துல மட்டும்தான், காய்ச்சலை உண்டாக்குற மத்த வெள்ளையணுக்கள்ல ஜீன் சுத்தமா இருக்கு. சிலருக்கு லேசா காய்ச்சல், ராத்திரி வியர்வை வரலாம், அது வேற.

ரிப்போர்ட்டைப் பத்தி, இந்த மாதிரி டெஸ்ட் பண்ற பக்கத்துல கொஞ்ச காலம் குப்பை கொட்டினவன்ங்கிற முறையில ரெண்டு விஷயம் சொல்றேன். பாசிட்டிவ்னு வந்ததாலயே அது வால்டன்ஸ்ட்ராம்னு ஆகிடாது. ஐஜிஎம் கொஞ்சம் கூடி, மத்தபடி ஒண்ணும் இல்லாம இருக்கிற எம்ஜிஅஸ்னு ஒரு முன்நிலை இருக்கு, அதுல சுமார் பாதிப் பேருக்கு இதே மியூட்டேஷன் இருக்கும், அவங்கள்ல வருஷத்துக்கு நூத்துல ஒண்ணு ரெண்டு பேர்தான் அடுத்த கட்டத்துக்குப் போவாங்க. அதனால மேரோல எவ்வளவு சதவீதம் செல் இருக்கு, ஹீமோகுளோபின் எவ்வளவு, அறிகுறி என்னங்கிறதுதான் முடிவு பண்ணும். அதே மாதிரி நெகட்டிவ்னு வந்தாலும் உடனே நம்பிடக்கூடாது. டிஎன்ஏவை எழுத்தெழுத்தா படிக்கிற பழைய சாங்கர் முறையில பார்த்தா நூத்துல 15, 20 பிரதியாவது மாறியிருந்தாத்தான் கண்ணுக்குத் தெரியும், மேரோல கெட்ட செல் கம்மியா இருந்தாலோ ரத்தத்துல மட்டும் பார்த்தாலோ தவறிடும். அந்த ஒரு எழுத்தை மட்டும் குறிவச்சுப் பெருக்குற பிசிஆர் ஆயிரத்துல ஒண்ணு இருந்தாலும் பிடிச்சிடும். எலும்புத் துண்டை ஆசிட்ல ஊறவச்சு மெதுவாக்கின பிறகு அதுலேருந்து டிஎன்ஏ எடுத்தா அது நொறுங்கிப் போயிருக்கும், எத்தனையோ வீணான டெஸ்டுக்கு இதுதான் காரணமா இருந்திருக்கு. உங்க அப்பாவுக்கு பாசிட்டிவ், அதனால இந்தக் கவலை இல்ல, ஆனா வேற யாராவது நெகட்டிவ் ரிப்போர்ட்டோட இதைப் படிச்சா எந்த முறையில எந்த சாம்பிள்ல பண்ணாங்கன்னு கேட்டுக்கோங்க.

மியூட்டேஷன் இருக்குங்கிறது சிகிச்சைக்கு நல்ல செய்தியும் கூட. இந்த ஓயாத கூட்டத்துல பிடிகேன்னு ஒரு என்சைமும் வந்து மைடி88 கூட ஒட்டிக்கும், அதைத் தடுக்குற மாத்திரைதான் இப்ருட்டினிப். ஏற்கனவே வேற சிகிச்சை எடுத்த 63 பேருக்கு கொடுத்துப் பார்த்ததுல சுமார் 90 சதவீதம் பேருக்கு பலன், அதை வச்சு 2015ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்சது, இந்த நோய்க்குன்னே அனுமதி வாங்கின முதல் மருந்து அது. 2021ல ஜானுப்ருட்டினிப் வந்தது, இதயத் துடிப்பு தாறுமாறா ஆகிற பிரச்சினை அதுல குறைவு. மைடி88 மாறாத சிறுபான்மை நோயாளிகளுக்கு இப்ருட்டினிப் சரியா கேட்கிறதில்ல, அதனாலதான் டாக்டர் இந்த டெஸ்டைப் போடச் சொன்னார். இன்னும் ஒரு ஜீன், சிஎக்ஸ்சிஆர்4, சுமார் மூணுல ஒருத்தருக்கு அதுவும் சேர்ந்து மாறியிருக்கும், இருந்தா மாத்திரை மெதுவா வேலை செய்யும், அடுத்த தடவை போகும்போது அதையும் பார்த்தாங்களான்னு கேளுங்க. மாத்திரை ஆரம்பிச்சா தினமும் போடணும், நீங்களா நிறுத்தாதீங்க, திடீர்னு நிறுத்தினா ஐஜிஎம் எகிறும், சிலருக்கு காய்ச்சல், உடம்புவலின்னு கிளம்பும்.

ஆனா மாத்திரை உடனே தேவையாங்கிறதே முதல் கேள்வி. அறிகுறி இல்லாதவங்களை வருஷக்கணக்கா சும்மா கண்காணிச்சுக்கிட்டே இருப்பாங்க, அது அலட்சியம் இல்ல, முன்கூட்டியே ஆரம்பிக்கிறதால ஆயுசு கூடும்னு காட்டப்படல. உங்க அப்பாவோட சோர்வு ரத்தசோகையால வந்ததுன்னா கணக்கு மாறும். நீங்க வீட்டுல கவனிக்க வேண்டியது மூக்குல, ஈறுல ரத்தம், பார்வை மங்கல், தலைவலி, தலைசுத்தல். ஐஜிஎம் பெரிய மூலக்கூறு, ரொம்பக் கூடினா ரத்தம் கூழாகி கண், மூளைக்குப் போற நுண்குழாய் அடைக்கும், அப்போ காத்திருக்காம உடனே போகணும், ரத்தத்துலேருந்து பிளாஸ்மாவைப் பிரிச்சு மாத்தி உடனடியா குறைப்பாங்க. பாதத்துல மதமதப்பு இருந்தா அதையும் சொல்லுங்க, வயசானா வர்றதுதானேன்னு விட்டுடாதீங்க, இந்த ஆன்டிபாடி நரம்பையும் தாக்கும். இந்த நோய்க்குக் கொடுக்கிற ரிட்டுக்ஸிமேப்ங்கிற ஊசி போடப் போறாங்கன்னா, ஆரம்பத்துல ஐஜிஎம் குறையறதுக்குப் பதிலா ஏறும், அது மருந்து வேலை செய்யலங்கிற அர்த்தம் இல்ல, ஆனா அந்த ஏத்தமே ஆபத்தாகலாம்ங்கிறதால கண்காணிப்பு வேணும்.

திரும்ப உங்க பயத்துக்கு வர்றேன், ஏன்னா இதுல ஒரு உண்மையை மறைச்சா நாளைக்கு நீங்களே எங்கயாவது படிச்சிட்டு என்னைத் திட்டுவீங்க. மியூட்டேஷன் பரம்பரையா வராது, ஆனா வால்டன்ஸ்ட்ராம் நோய் சில குடும்பங்கள்ல ஒண்ணுக்கு மேல வர்றது உண்மை. ஸ்வீடன்ல பண்ணின பெரிய ஆய்வுல நெருங்கிய ரத்த சொந்தத்துக்கு வாய்ப்பு 20 மடங்குன்னு வந்துச்சு. 20 மடங்குன்னு கேட்டதும் வயித்தைக் கலக்கும், ஆனா எதோட 20 மடங்கு? இந்த நோய் வருஷத்துக்கு பத்து லட்சத்துல சுமார் மூணு பேருக்கு வர்றது, 20 மடங்குன்னா 60 பேர், அதாவது ஒரு வருஷத்துல கிட்டத்தட்ட 17,000 பேர்ல ஒருத்தர், அதுவும் பெரும்பாலும் அறுபதைத் தாண்டின பிறகு. இதுக்காக யாரும் குடும்பத்தையே வரிசையில நிக்க வச்சு ஜீன் டெஸ்ட் பண்றதில்ல. உங்களுக்கு காரணமில்லாத ரத்தசோகையோ கழுத்துல கட்டியோ வந்தா அப்பாவுக்கு இது இருக்குன்னு டாக்டர்கிட்ட ஒரு வரி சொல்லிடுங்க, போதும்.

கடைசியா ஒண்ணு, முன்னாடியே சொல்லி வச்சிடறேன். இந்தப் புரதத்தோட நீளத்தை எந்தப் பிரதியை வச்சு எண்ணுறாங்கங்கிறதைப் பொறுத்து நம்பர் மாறும், அதனால வேற லேப்ல டெஸ்ட் எடுத்தா எல்252பின்னோ சில இடத்துல எல்273பின்னோ வரலாம். புதுசா இன்னொரு மியூட்டேஷன் வந்துடுச்சுன்னு ராத்திரி பூரா தூங்காம உக்காராதீங்க, எல்லாம் அதே எழுத்துதான்.